வீடியோவை ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்கிறார்கள், என்ன செய்வது?

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்கு 32 வயது, சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்கிறேன். துவாஸில் விடுதியில் தங்கியிருக்கிறேன். மனைவியும் மகளும் ஊரில் இருக்கிறார்கள். போன வாரம் ஆபாச வீடியோ சாட் தளம் ஒன்றில் ஒரு பெண் பேச்சுக் கொடுத்தாள். பத்து நிமிஷத்தில் வாட்ஸ்அப்புக்கு வரச் சொன்னாள். பேஸ்புக் பெயரையும் கேட்டாள், கொடுத்துவிட்டேன். வீடியோ அழைப்பில் அவள் வாயே திறக்கவில்லை, டைப் மட்டும்தான் செய்தாள். இரண்டு நிமிஷம்கூட இருக்காது, அழைப்பு நின்றது. என் முகமும் உடம்பும் தெரிகிற வீடியோ எனக்கே வந்தது. கூடவே என் மனைவி, மச்சான், எங்கள் சூப்பர்வைசர் மூவருடைய பேஸ்புக் பக்கங்களையும் படம் பிடித்து அனுப்பினார்கள். பேநவ்வில் (வங்கியிலிருந்து உடனே பணம் அனுப்பும் வசதி) 600 சிங்கப்பூர் வெள்ளி கொடுத்தேன், அப்புறம் 900. இப்போது ஞாயிற்றுக்கிழமைக்குள் 3,000 வெள்ளி வேண்டுமாம். இல்லையென்றால் என் வங்கிக் கணக்குக்கு வேறு யாரோ பணம் போடுவார்களாம், அதை அவர்கள் சொல்லும் ஆளுக்கு நான் மாற்றிவிட வேண்டுமாம். நேற்று டெல்லியிலிருந்து சிபிஐ அதிகாரி என்று ஒருவர் வேறு அழைத்து மிரட்டினார். போலீசுக்குப் போனால் வேலை பெர்மிட் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. தூக்கமே இல்லை, செத்துவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. இந்த மாதிரி இடங்களில் நிஜமான ஆள் யார், போலி யார் என்று எப்படித்தான் கண்டுபிடிப்பது?

பதில்:

தம்பி, கடைசியில் கேட்ட கேள்வியைப் பிறகு எடுத்துக்கொள்கிறேன். நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, செத்துவிடலாமா என்று, அதை முதலில் பார்ப்போம். வங்கியில் மோசடித் தடுப்புப் பிரிவில் பல வருஷம் இருந்துவிட்டு இப்போது ஆலோசனை சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்த மாதிரி மிரட்டலில் பணத்தைவிட எனக்குக் கவலை தருவது அந்த ராத்திரி நேரத்து எண்ணம்தான். அது வரும்போது தனியாக இருக்காதீர்கள். அறைக்கூட்டாளி யாரையாவது எழுப்பி, காரணம் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். 1767 என்ற எண்ணில் எஸ்ஓஎஸ் என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு 24 மணி நேரமும் இருக்கிறது. வெளிநாட்டு ஊழியர்களுக்காக ஹெல்த்சர்வ் அமைப்பு 3129 5000 என்ற நெருக்கடி உதவி எண்ணை நடத்துகிறது. உயிருக்கு ஆபத்து என்ற கட்டம் வந்தால் 995, ஆம்புலன்ஸ் எண். உங்களை மிரட்டுகிறவனுக்கு நீங்கள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான், பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடுவான். உங்கள் மகளுக்கு அப்படி இல்லை.

இனி விஷயத்துக்கு வருவோம்.

இன்னொரு வெள்ளி கொடுக்காதீர்கள். 3,000 கேட்டால் 500க்குப் பேரம் பேசவும் வேண்டாம். 600 கொடுத்தீர்கள், வீடியோ அழிந்ததா? 900 வந்து நின்றது. கறக்கிற மாட்டை யாரும் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போவதில்லை. பணம் கொடுக்கிற ஆள் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் உங்கள் பெயருக்கு எதிரே ஒரு குறி விழுந்துவிடுகிறது. ஒரே நேரத்தில் பல பேரை மிரட்டிக்கொண்டிருக்கிற கும்பல் இது. பதில் சொல்கிறவன், கெஞ்சுகிறவன், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறவன் இவர்கள் மேல்தான் அவர்கள் நேரத்தைச் செலவழிப்பார்கள். பதிலே வராத ஆளிடம் சில நாள் கத்திப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவது அவர்களுக்கு லாபம்.

அப்படியானால் வீடியோவை அனுப்பவே மாட்டார்களா? அந்த உத்தரவாதத்தை நான் தர முடியாது, தருகிறவர் பொய் சொல்கிறார். சில சமயம் ஒருவர் இருவருக்கு அனுப்பவும் செய்கிறார்கள். ஆனால் பணம் கொடுத்தவருக்கும் அதே கதி நேர்வதுண்டு. அனுப்பிவிட்டால் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் தீர்ந்துவிடும் என்பது அவர்களுக்கும் தெரியும். அதனால்தான் கெடுவைத்துக் கெடுவைத்து நீட்டிக்கொண்டே போகிறார்கள். உங்களுக்கு வந்திருக்கும் ஞாயிற்றுக்கிழமைக் கெடுவும் அப்படி ஒன்றுதான்.

பிளாக் செய்வதற்கு முன் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் எல்லோரும் செய்கிற முதல் காரியம் அரட்டை முழுவதையும் அழிப்பது, அதைச் செய்யாதீர்கள். அவர்கள் பேசிய எண்கள், பேஸ்புக் பக்கத்தின் முகவரி (பெயரை நொடியில் மாற்றிவிடுவார்கள், முகவரி வேண்டும்), மிரட்டல் செய்திகள் தேதி நேரத்தோடு, பேநவ் ரசீது இரண்டும், சிபிஐ என்று சொன்ன ஆளின் எண், இவ்வளவையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அவர்கள் உங்களுக்கு அனுப்பிய அந்த வீடியோவையும் அழிக்காதீர்கள். பார்க்கவே அருவருப்பாக இருக்கும், புரிகிறது. ஆனால் அது கையில் இருந்தால்தான் ஸ்டாப்என்சிஐஐ டாட் ஓஆர்ஜி (StopNCII.org) என்ற தளத்தைப் பயன்படுத்த முடியும். வீடியோவை நீங்கள் யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. உங்கள் கைப்பேசியிலேயே அதிலிருந்து ஒரு மின்னணுக் கைரேகை தயாராகும், அது மட்டும்தான் வெளியே போகும். பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டாக் போன்ற தளங்கள் அந்தக் கைரேகையோடு பொருந்துகிற கோப்பை யாராவது ஏற்றினால் தடுக்கும். வாட்ஸ்அப்பில் ஆளுக்கு ஆள் அனுப்புவதை இதனால் தடுக்க முடியாது. ஆனாலும் ஏற்றி வையுங்கள், காசு கிடையாது. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இதேபோல் டேக் இட் டவுன் என்று ஒன்று இருக்கிறது. வீட்டில் பதின்ம வயதுப் பிள்ளைகள் இருக்கிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள், இதே கும்பல்கள் பள்ளிப் பையன்களையும் விடுவதில்லை.

எடுத்து வைத்த பிறகு புகார் செய்து பிளாக் பண்ணுங்கள். பேஸ்புக் கணக்கைச் சில வாரங்களுக்கு முடக்கி வையுங்கள், நிரந்தரமாக அழிக்க வேண்டாம். திரும்பத் திறக்கும்போது நண்பர்கள் பட்டியலை ‘நான் மட்டும்’ பார்க்கும்படி மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் தெரியாத எண்களிலிருந்து வரும் அழைப்புகளைச் சத்தமில்லாமல் ஆக்கும் வசதி இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள். அடுத்த சில நாள் புதுப்புது எண்களிலிருந்து அழைப்பு வரும். எடுக்காதீர்கள்.

பணம் போன வழியைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், என் தொழில் அது. நீங்கள் பேநவ்வில் அனுப்பினீர்கள் என்றால் அந்தப் பணம் பெரும்பாலும் சிங்கப்பூரில் இருக்கிற ஒரு கணக்குக்குத்தான் போயிருக்கும். கும்பல் எங்கிருந்தோ பேசலாம், கணக்கு இங்கே யாரோ ஒருவர் பெயரில் இருக்கும். கணக்கை வாடகைக்கு விட்ட ஆளாக இருக்கலாம், உங்களைப் போலவே மிரட்டப்பட்ட ஆளாகவும் இருக்கலாம். பேநவ் பரிமாற்றம் சில நொடிகளில் முடிந்துவிடுவதால் நீங்களாகத் திரும்பப் பெற முடியாது. ஆனால் அந்தக் கணக்கை முடக்கக் காவல்துறையால் முடியும். 2019இல் தொடங்கிய மோசடித் தடுப்பு நிலையத்தின் வேலையே வங்கிகளோடு சேர்ந்து இப்படிப்பட்ட கணக்குகளை வேகமாக முடக்குவதுதான். ஒரு வாரம் ஆகிவிட்டதே என்று விடாதீர்கள். உங்கள் பணம் அங்கிருந்து கிளம்பியிருக்கலாம், அடுத்தவன் பணம் அங்கே வந்துகொண்டிருக்கலாம்.

ஆகவே இன்றைக்கே வங்கியின் மோசடிப் புகார் எண்ணை அழையுங்கள், வங்கிச் செயலியிலேயே இருக்கும். என்ன செய்வதென்று குழப்பமாக இருந்தால் 1799, மோசடி பற்றிக் கேட்பதற்கான ஸ்கேம்ஷீல்டு உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள். அப்புறம் அக்கம்பக்கக் காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுங்கள். சிங்பாஸ் (அரசின் இணைய அடையாளக் கணக்கு) இருந்தால் இணையத்திலும் செய்யலாம். ஆனால் உங்கள் நிலையில் நேரில் போவது நல்லது என்று நினைக்கிறேன். எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்வதிலேயே பாதிப் பாரம் இறங்கும். ஆங்கிலம் தடுமாறினால் தமிழில் சொல்ல வேண்டும் என்று கேளுங்கள்.

பெர்மிட் விஷயம். மோசடிக்கு ஆளானவர் புகார் கொடுத்தார் என்பதற்காக வேலை அனுமதியை ரத்து செய்யச் சொல்லும் சட்டம் எதுவும் இல்லை. குற்றம் செய்தவன் மிரட்டியவன். ஒருவருடைய அந்தரங்கப் படத்தையோ வீடியோவையோ பரப்புவது மட்டுமல்ல, பரப்புவேன் என்று மிரட்டுவதே சிங்கப்பூரில் தனிக் குற்றம். தண்டனைச் சட்டத்தின் 377பிஇ பிரிவு, 2020 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. 5 ஆண்டு வரை சிறை, அபராதம், பிரம்படி என்று தண்டனை உண்டு. மிரட்டிப் பணம் பறிப்பது இதற்கு மேல் இன்னொரு குற்றம், அதற்கு 2 முதல் 7 ஆண்டு சிறையும் பிரம்படியும். விசாரணை அதிகாரி தொடர்புகொள்ள உங்கள் சொந்தக் கைப்பேசி எண்ணைக் கொடுத்து, நிறுவனத்துக்குத் தெரியவேண்டாம் என்ற உங்கள் கவலையையும் அவரிடமே சொல்லிவிடுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தை 6536 2692 எண்ணில் அழைத்துக் கேட்கலாம்.

உங்கள் பெர்மிட்டுக்கு உண்மையான ஆபத்து எது தெரியுமா? ‘உன் கணக்குக்குப் பணம் வரும், மாற்றிவிடு’ என்றார்களே, அதுதான். நீங்கள் அதை ஒரு சலுகை போல எழுதியிருக்கிறீர்கள், 3,000 கொடுக்க வழியில்லாதவனுக்கு அவர்கள் திறந்துவிட்ட வாசல் மாதிரி. அந்தப் பணம் உங்களைப் போன்ற இன்னொருவர் அழுதுகொண்டே அனுப்பியது. அதை வாங்கி மாற்றிவிட்ட நிமிஷம் நீங்கள் பாதிக்கப்பட்டவர் என்ற இடத்திலிருந்து அவர்களுக்கு உதவியவர் என்ற இடத்துக்கு வந்துவிடுகிறீர்கள். 2024 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, எனக்குத் தெரியாது, சொன்னதைச் செய்தேன் என்று சொல்லித் தப்புவது கடினம். 2025 நவம்பரில் நாடாளுமன்றம் இன்னும் இறுக்கியது: மோசடிக்காரர்களுக்குக் குறைந்தது 6 பிரம்படி கட்டாயம், அதிகபட்சம் 24. கணக்கையும் சிங்பாஸையும் கொடுத்து உதவுகிறவர்களுக்கு 12 வரை விதிக்கலாம். ஏற்கெனவே ஏதாவது பணம் வந்து விழுந்திருந்தால் அதைத் தொடாதீர்கள். அனுப்பியவருக்கே திருப்பி அனுப்புகிறேன் என்றும் கிளம்பாதீர்கள். வங்கியிடமும் போலீசிடமும் சொல்லுங்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வட்டிக்காரனிடம் 3,000 வாங்கிக் கொடுத்துவிடலாம் என்ற யோசனை இருந்தால் அதையும் இப்போதே விட்டுவிடுங்கள். உரிமம் இல்லாத வட்டிக்காரன் கதவைத் தட்டுவது இதைவிட மோசமாக இருக்கும்.

அந்தச் சிபிஐ அதிகாரியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவர் அதே கும்பலின் பக்கத்து நாற்காலி. இன்னும் சிலர் வரக்கூடும். யூடியூபிலிருந்து பேசுகிறேன், உன் வீடியோ ஏறிவிட்டது, எடுக்கக் கட்டணம் என்பார் ஒருவர். அந்தப் பெண் தற்கொலை செய்துகொண்டாள், உன் பேர் எழுதி வைத்திருக்கிறாள் என்பார் இன்னொருவர். பறிபோன பணத்தை மீட்டுத் தருகிற ஹேக்கர் நான் என்று டெலிகிராமில் ஒருவர் வருவார். எந்த நாட்டுக் காவல்துறையும் வாட்ஸ்அப்பில் வழக்கை மூடப் பணம் வாங்குவதில்லை. சிங்கப்பூர் அரசு அதிகாரி எவரும் தொலைபேசியில் பணத்தை மாற்றச் சொல்ல மாட்டார். ஊரில் உங்கள் மனைவிக்கோ மச்சானுக்கோ இப்படி அழைப்பு வந்தால் அவர்கள் 1930 என்ற இந்திய இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுக்கலாம். ராஜஸ்தானின் பரத்பூர், ஹரியானாவின் நூஹ் பகுதிகளிலிருந்து இதையே தொழிலாகச் செய்த கும்பல்களை அங்குள்ள போலீஸ் பலமுறை பிடித்திருக்கிறது.

அடுத்தது மனைவி. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அவர்தான் இருக்கிறார்.

என் யோசனை: மிரட்டுகிறவன் சொல்வதற்கு முன் நீங்கள் சொல்லிவிடுங்கள். எல்லாத் தம்பதிக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் அடி உதை, உயிர்ப் பயம் என்கிற வீடுகளும் உண்டு, அங்கே வேறு வழி பார்க்க வேண்டும். உங்கள் கடிதத்தைப் படித்தால் அப்படித் தெரியவில்லை. அவனுடைய பலம் முழுவதும் ஒரே இடத்தில் இருக்கிறது: அவருக்குத் தெரியக்கூடாது என்ற உங்கள் பயத்தில். வேலை முடிந்து களைத்து வந்து, அறையில் நான்கு பேர் நடுவில் கிசுகிசுப்பாகச் சொல்ல வேண்டாம். விடுமுறை நாளில் வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, அங்கே மகள் தூங்கிய பிறகு, அழையுங்கள். வீடியோ அழைப்பு வேண்டாம், குரல் போதும். சுற்றி வளைக்காமல் இப்படிச் சொல்லலாம்: “ஒரு தப்பு பண்ணிட்டேன். ஆன்லைன்ல ஒரு பொண்ணுன்னு நம்பி வீடியோ கால் பேசினேன். அது மோசடிக் கும்பல். பதிவு பண்ணி வச்சுக்கிட்டு பணம் கேட்டு மிரட்டுறாங்க. 1,500 வெள்ளி கொடுத்துட்டேன், இனி கொடுக்க மாட்டேன். போலீஸ்ல சொல்லப்போறேன். உனக்கு ஏதாவது வந்தா திறக்காத, எனக்குச் சொல்லு.” அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் அழுதாலும் திட்டினாலும் போனை வைத்தாலும் நியாயம் பேசாதீர்கள். தனிமை, ஏழு மாதமாக லீவு இல்லை, எல்லோரும் செய்கிறார்கள் என்ற பட்டியலை அன்றைக்கு எடுக்காதீர்கள். அந்தப் பேச்சு இன்னொரு நாளைக்கு, அவர் கேட்டால்.

அது நான் இல்லை, செயற்கை நுண்ணறிவில் செய்த போலி வீடியோ என்று சொல்லிவிடலாமே என்று சில நண்பர்கள் யோசனை சொல்வார்கள். போலி வீடியோ மிரட்டல் நிஜமாகவே நடக்கிறது. 2024 நவம்பரில் சிங்கப்பூரில் 30க்கும் மேற்பட்ட அரசு அமைப்புகளைச் சேர்ந்த 100க்கும் அதிகமான பொதுச் சேவை அதிகாரிகளுக்கு, 5 அமைச்சர்கள் உட்பட, முகத்தை ஒட்டித் தயாரித்த ஆபாசப் படங்களோடு மின்னஞ்சல் வந்தது. ஆளுக்கு 50,000 அமெரிக்க டாலர் கிரிப்டோவில் கேட்டார்கள். நான் சொன்ன அந்த 377பிஇ பிரிவு இப்படி மாற்றிய படங்களையும் சேர்த்தே குற்றமாக்குகிறது. ஆனால் மனைவியிடம் அந்தப் பொய் வேண்டாம். வீடியோவோடு உங்கள் அரட்டையும் அவர்களிடம் இருக்கிறது. ஒருமுறை அதையும் அனுப்பிவிட்டால் இரண்டாவதாக ஒரு தப்புக்கும் பதில் சொல்ல வேண்டி வரும். மச்சான், சூப்பர்வைசர், ஊர் நண்பர்களுக்கு விளக்கமே தேவையில்லை. “ஒரு மோசடிக் கும்பல் என் படத்தை வைத்து மிரட்டுகிறது, போலீசில் புகார் கொடுக்கிறேன். என் பெயரில் ஏதாவது வந்தால் திறக்காமல் ரிப்போர்ட் செய்துவிடுங்கள்.” இந்த இரண்டு வரி போதும். அதையும் அவசியம் என்று தோன்றுகிறவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள்.

சரி, உங்கள் கடைசிக் கேள்வி. நிஜம் யார், போலி யார்?

உங்களுக்கு வந்ததைப் பார்த்தால் அடையாளங்கள் எல்லாமே இருந்திருக்கின்றன. பத்து நிமிஷத்தில் வேறு செயலிக்கு இழுத்தாள்: தளத்தில் கண்காணிப்பு இருக்கலாம், வாட்ஸ்அப்பில் உங்கள் தொலைபேசி எண்ணே கிடைத்துவிடும். வாய் பேசாமல் டைப் மட்டும் செய்தாள்: முன்பே எடுத்து வைத்த வீடியோவைக் கேமராவில் வருவதுபோல் ஓடவிட ஒரு சின்ன மென்பொருள் போதும், அந்த வீடியோவில் இருக்கிற பெண்ணுக்கு இப்படி ஒரு காரியம் நடப்பதே தெரியாமல் இருக்கலாம். மைக் கெட்டுவிட்டது, பக்கத்து அறையில் அம்மா தூங்குகிறாள் என்று காரணம் சொல்வார்கள். பேஸ்புக் பெயரைக் கேட்டாள்: நம்பிக்கைக்காக என்பார்கள், வேண்டியது உங்கள் உறவினர் பட்டியல். அப்புறம் நீங்கள் எழுதாத ஒன்றை நான் ஊகிக்கிறேன். முகம் தெரியவில்லை, லைட்டைப் போடு, கேமராவைத் தூக்கிப் பிடி என்று சொல்லியிருப்பாள். மற்ற அடையாளங்களில் எனக்குச் சந்தேகம் வரலாம், இது ஒன்றில் வராது. ஆசையோடு பேசுகிறவருக்கு உங்கள் முகமும் உடம்பும் ஒரே சட்டகத்துக்குள் வந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. மிரட்டப் போகிறவனுக்கு உண்டு.

கையை ஆட்டு, மூக்கைத் தொடு, காகிதத்தில் என் பெயரை எழுதிக் காட்டு என்று சோதிக்கலாமே என்று கேட்பீர்கள். சோதிக்கலாம். ஓடவிட்ட பழைய வீடியோவாக இருந்தால் மாட்டிக்கொள்ளும். ஆனால் இப்போது நேரலையிலேயே வேறு முகத்தை ஒட்டிக்கொண்டு பேச முடிகிறது. அழகான தமிழில் பேசினாள் என்பதும் சான்று கிடையாது. நல்ல வேலை என்று நம்பிப் போய் மியன்மாரின் மியாவாடியில் மாட்டிக்கொண்டு, இணைய மோசடி செய்யும்படி அடித்துத் துன்புறுத்தப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர்கள் 2022இல் மீட்டு அழைத்துவரப்பட்டது நினைவிருக்கலாம். உங்களிடம் தேனாகப் பேசுகிற கை, பூட்டிய அறையில் பயந்துகொண்டு தட்டச்சு செய்கிற ஒரு பையனுடையதாகக்கூட இருக்கலாம்.

அதைவிட முக்கியம் இது: சோதனையில் அவள் நிஜமான பெண் என்றே தெரிந்துவிட்டது என்று வையுங்கள். அதனால் என்ன? நிஜமான பெண்ணாலும் பதிவு செய்ய முடியும். அதனால் நிஜமா போலியா என்று துருவுவதில் நேரத்தைப் போடாதீர்கள். எதிரே இருக்கிறவர் யாராக இருந்தாலும், என்னைப் பற்றி அவரிடம் இப்போது என்ன இருக்கிறது என்று கேளுங்கள். முகம் இருக்கிறதா, எண் இருக்கிறதா, சொந்தக்காரர் பெயர்கள் இருக்கிறதா, பணம் வரும் வழி இருக்கிறதா. இந்த நான்கில் ஒன்றுமே இல்லாத ஆளை மிரட்ட முடியாது, அவள் எவ்வளவு பெரிய போலியாக இருந்தாலும்.

இனி அந்தப் பக்கமே போகக்கூடாதா என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் உபதேசம் செய்யப்போவதில்லை. வயது வந்தவர், உங்கள் மனைவியோடு நீங்கள் பேசி முடிவு செய்ய வேண்டியது. போவதென்று இருப்பவர்களுக்கு என் நிபந்தனைகள் கறாரானவை. முகம் ஒருபோதும் உடம்போடு சேர்ந்து வரக்கூடாது. பச்சை குத்தியிருந்தால் அதுவும் முகத்துக்குச் சமம். பின்னால் தொங்கும் நிறுவனச் சட்டை, பாதுகாப்புத் தலைக்கவசம், மேல் கட்டிலில் தூங்கும் நண்பன், எதுவும் தெரியக்கூடாது. அந்த நண்பன் இதற்குச் சம்மதிக்கவே இல்லை என்பதையும் நினைத்துப் பாருங்கள். தனி மின்னஞ்சல், வேறு பெயர், தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி மறுப்பு. தளத்தை விட்டு வாட்ஸ்அப், டெலிகிராம் என்று நகரச் சொன்னால் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். சாட் செய்ய இந்தச் செயலியைப் போடு என்று ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு கைப்பேசியில் செயலியை நிறுவும் கோப்பு) அனுப்பினால் தொடவே தொடாதீர்கள், கைப்பேசியில் இருக்கும் எண்கள், குறுஞ்செய்திகள், சில சமயம் வங்கிக் கணக்கு வரை போய்விடும். ஒருமுறை பார்த்தால் மறைந்துவிடும் படம் என்பதை நம்பாதீர்கள், இன்னொரு கைப்பேசியால் அதைப் படம் பிடிக்க ஒரு நொடி போதும். எதிரே இருப்பவர் 18 வயது ஆகவில்லை என்று சொன்னால், விளையாட்டுக்குச் சொன்னாலும், அந்த நொடியே வெளியேறுங்கள். அது மோசடியின் அடுத்த கட்டமாக இருக்கலாம், அப்பா என்று ஒருவர் கோபத்தோடு அழைப்பார். நிஜமாக இருந்தால் இன்னும் பயங்கரம், அங்கே குற்றவாளி நீங்கள்.

இன்னொரு வகைப் போலி சத்தமில்லாதது. மிரட்டமாட்டார்கள், உறிஞ்சுவார்கள். வயதைச் சரிபார்க்க வங்கி அட்டை எண்ணைப் போடு, ஒரு காசும் எடுக்க மாட்டோம் என்று சொல்லும் தளங்கள் மாதாமாதம் சந்தா எடுக்கும். அரட்டைக்கு நாணயம் வாங்கச் சொல்லும் தளங்களில் உங்கள் நாணயம் தீர்கிற நேரத்தில்தான் அந்தப் பெண்ணுக்கு உங்கள் மேல் காதல் பொங்கும். நாளைக்கு நேரில் பார்க்கலாம், நீ போலீஸ் இல்லை என்று உறுதி செய்ய முன்பணம் அனுப்பு, பரிசு அட்டை வாங்கி எண்ணைச் சொல் என்பது சிங்கப்பூரில் பல வருஷமாக ஓடுகிற பழைய ஏமாற்று. முன்பணம் கொடுத்த பிறகு அண்ணன் என்று ஒருவன் வந்து மிரட்டுவான். அட்டை எண் கொடுத்திருந்தால் வங்கியில் சொல்லி அந்த அட்டையை ரத்து செய்யுங்கள்.

1,500 வெள்ளி திரும்புமா என்பது உங்கள் மனதில் ஓடும். பெரும்பாலும் திரும்புவதில்லை, அதை நம்பி எந்தக் கணக்கும் போடாதீர்கள். 2024இல் மட்டும் சிங்கப்பூரில் மோசடிகளில் போன தொகை 110 கோடி வெள்ளிக்கு மேல், அதில் மீட்கப்பட்டது சிறு பகுதி. காவல் நிலையத்துக்குப் போகும்போது கைப்பேசியை முழுக்கச் சார்ஜ் செய்து, வேலை அனுமதி அட்டையையும் பேநவ் ரசீதுகள் இரண்டையும் எடுத்துச் செல்லுங்கள். புகார் எண்ணைக் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள், வங்கி கேட்கும். ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம்.